புழு தின்றவனுக்கே வகுப்பு

வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழருக்கு வெளிச்ச மேசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாரென்ட்ஸ் கடலில் பிடித்த கொட் மீனின் சதைத் துண்டை அதன்மேல் போட்டால், கீழிருந்து வரும் வெளிச்சத்தில் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு தெரியும். கத்தி நுனியால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த துண்டு. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே தலைகாட்டாத ஊரில், விரல் விறைக்க விறைக்க நம்மவர்கள் செய்த வேலை அது. புழுவோடு மீன் கடைக்குப் போனால் தொழிற்சாலையைத்தான் கேட்பார்கள். வாங்கித் தின்றவரை வரிசையில் உட்காரவைத்து, ‘புழுவை இனங்காண்பது எப்படி’ என்று யாரும் வகுப்பெடுப்பதில்லை.

கணினி உலகில் எடுக்கிறார்கள். வருடம் தவறாமல் எடுக்கிறார்கள். சிரித்த முகத்தோடு ஒரு காணொளி, அசட்டுத்தனமான சில கேள்விகள், முடிவில் ஒரு சான்றிதழ். ‘சந்தேகமான இணைப்பைத் திறக்காதீர்கள்.’ ஆகா, என்ன ஞானம்! சந்தேகமானது என்று தெரிந்தால் யார் ஐயா திறப்பார்?

ஒஸ்லோவில் தலைமையகம் வைத்திருக்கும் நோர்ஸ்க் ஹைட்ரோவைப் பாருங்கள். அலுமினியப் பேரரசு, 2019 இல் ஏறத்தாழ 35,000 ஊழியர், 40 நாடுகள். 2019 மார்ச் 19 அன்று லொக்கர்கோகா என்ற பணயத் தீநிரல் அதன் கணினிகளைப் பூட்டியது. கதவுகளில் காகிதம் ஒட்டி, கணினியை வலையமைப்பில் இணைக்காதீர்கள் என்று ஊழியரை எச்சரித்தார்கள். பழைய காகிதக் குறிப்புகளைத் தேடியெடுத்துக் கையாலே ஆலையை ஓட்டினார்கள். கப்பம் கட்ட மறுத்தார்கள், பின்சேமிப்பிலிருந்து மீண்டார்கள், நடந்ததை ஊரறியச் சொன்னார்கள். அந்த முதுகெலும்புக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் நட்டம் ஏறத்தாழ 70 மில்லியன் டொலர். இவ்வளவுக்கும் வாசல் எது? சில மாதங்களுக்கு முன் ஓர் ஊழியர் திறந்த மின்னஞ்சல். அனுப்பியவர் முன்பின் தெரியாதவரல்ல, நம்பிக்கையான வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரின் கணினிக்குள் திருடன் முன்பே குடியேறியிருந்தான். இதில் எந்தக் காணொளி எந்த ஊழியரைக் காப்பாற்றியிருக்கும்?

மின்னஞ்சலில் வரும் ஆவணம் என்றால் காகிதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கடிதத்துக்குள் தானே ஓடும் நிரலை வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தவர்கள் வேர்ட், எக்செல் செய்தவர்கள். மேக்ரோ என்று பெயர். கணக்குப் பிள்ளைக்கு வசதியாம். 1995 இல் கொன்செப்ட் என்ற வைரஸ் வேர்ட் கோப்புக்குள் ஏறி ஊர் சுற்றியபோதே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. மைக்ரோசொஃப்ட் தானே அனுப்பிய குறுந்தகட்டிலும் அது இருந்தது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ‘குறும்பு மேக்ரோ’. பிள்ளை குறும்பு செய்கிறதாம், கண்டுகொள்ளாதீர்களாம்! 1999 மார்ச்சில் மெலிசா வந்து உலகத்து அஞ்சல் வழங்கிகளைத் திணறடித்தது. அதன் பிறகும் இணையத்திலிருந்து வரும் கோப்பின் மேக்ரோவை இயல்பாகவே தடுக்க அவர்கள் முடிவெடுத்தது எப்போது தெரியுமா? 2022 பெப்ரவரியில். அதையும் யூலையில் சத்தமில்லாமல் திரும்பப் பெற்று, ஊர் திட்டிய பிறகு அதே மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள். இருபத்தேழு வருடம்! கடைசிப் பல வருடங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் பெரும்பாலானோர் கண்டது கோப்பின் மேலே ஒரு மஞ்சள் பட்டையும் ஒரு பொத்தானும்தான். எமோடெட் என்ற தீநிரலைப் பரப்பிய கும்பல் செய்ததெல்லாம், ஆவணத்துக்குள் அந்தப் பொத்தானின் படத்தைப் போட்டு, ‘வாசிக்க இதை அமுக்கவும்’ என்று மரியாதையாக எழுதியதுதான். ஊரே அமுக்கியது.

2022 மே மாதம் வெளிப்பட்ட ஃபொலினா என்ற ஓட்டைக்கு மேக்ரோவே தேவைப்படவில்லை. மேக்ரோ வழி அடைபட்டதும் திருடர்கள் ஒன்நோட் கோப்புக்கு மாறினார்கள். அதுவும் அதே கடைச் சரக்கு. 2000 இல் காதல் கடிதம் என்று வந்த வைரஸ், கோப்பின் வகையைக் காட்டும் வால்பெயர் மறைந்திருந்ததால் பிழைத்தது. இன்றைக்கும் புது விண்டோஸ் அந்த வாலை மறைத்துத்தான் உங்கள் கைக்கு வருகிறது.

தண்டம் யாருக்கு விழுகிறது? 2021 சனவரியில் ஓஸ்ட்ரே தோத்தன் என்ற சின்ன நகரசபையைப் பணயத் தீநிரல் முடக்கியது. நோர்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 40 இலட்சம் குரோனர் தண்டம் போட்டது, நகரசபைக்கு. பின்சேமிப்பை ஒழுங்காகப் பாதுகாக்காதது பிழைதான், தண்டம் நியாயம்தான். அதே கண்டிப்பு மென்பொருள் விற்றவரின் வாசலுக்கு வந்தால் மட்டும் ஏன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது? உரிம ஒப்பந்தத்தில் ‘எதற்கும் பொறுப்பல்ல’ என்று எழுதிவிட்டு மீன் விற்க பாட்ஸ்பியோர்ட் முதலாளிக்கு முடியுமா?

நோர்வேயில் போனது பணம். இந்தியாவில் ஆயுள் போயிற்று. 2016 யூன் 13 அன்று, தோழரான கவிஞர் வரவர ராவின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்த ஆவணத்தை மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரோனா வில்சன் திறந்தார். அந்தக் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது, திறந்ததும் நெட்வயர் என்ற தீநிரல் அவர் கணினியில் இறங்கியது, அரசுக்கு எதிரான சதி என்று தொடுத்த பீமா கோரேகான் வழக்கில் ஆதாரமாகக் காட்டிய கடிதங்கள் அதன் வழியே நடப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் என்ற கணினித் தடயவியல் நிறுவனம் 2021 இல் அறிக்கை தந்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. 2018 இல் கைதான வில்சனுக்குப் பிணை கிடைத்தது 2025 சனவரியில், வழக்கு விசாரணையே தொடங்காமல். அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியின் கணினியிலும் இதே கைவரிசை என்று 2022 டிசம்பரில் அறிக்கை வந்தது. அதை வாசிக்க அவர் இல்லை. நடுங்கும் கையோடு சிறையில் உறிஞ்சுகுழல் கேட்டுக் காத்திருந்த அந்த முதியவர், 2021 யூலை 5 அன்று காவலிலேயே இறந்துவிட்டார். அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம் என்பீர்களோ?

நம்மாட்களோ மரண அறிவித்தல், கோயில் நிகழ்ச்சி நிரல், பெண்ணின் சாதகம் என்று எந்தக் கோப்பு வந்தாலும் திறப்பவர்கள். ஆகவே கவனம் வேண்டும், மறுக்கவில்லை. மஞ்சள் பட்டைப் பொத்தானைத் தொடாதீர்கள். அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பிரதியைக் கணினியோடு இணைக்காத வட்டில் வையுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். கேள்வி நேரத்தில் கை தூக்குங்கள்: ‘1995 இல் தெரிந்த ஓட்டையை 2022 வரை ஏன் அடைக்கவில்லை? அதற்கு யார் தண்டம் கட்டினார்?’ பதில் வரும்வரை சான்றிதழை வாங்காதீர்கள்.