எல்லாம் குப்பைதான்

இங்கிலாந்தில் அறுவடை முடிந்து வயல் காலியானதும் முதலில் வந்து இறங்குவது காக்கை. அடுத்து வருபவர் டிடெக்டரிஸ்ட். மெட்டல் டிடெக்டரும் கையுமாக அடுத்தவர் நிலத்தில் பழம்பொருள் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் போட்டால் ஊரே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். ஈர மண்ணில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று இவர் மட்டும் கிளம்பிவிடுவார். உடுப்பு ராணுவப் பச்சை. யாரிடமிருந்து ஒளிந்துகொள்கிறார் என்பது தெளிவில்லை. வயலில் இருப்பது பசுமாடு ஒன்றுதான். அதன் கண்ணுக்கும் இவர் நன்றாகவே தெரிகிறார்.

குனிந்த தலை நிமிராமல், கருவியின் வட்டத் தட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடப்பார். தட்டு இரண்டு விரற்கடை உயர்ந்தாலும் அந்த அளவுக்கு ஆழம் குறைந்துவிடும் என்பதால் நடையில் ஒரு பயபக்தி இருக்கும். நாயை உலவக் கூட்டிவருபவர்கள் இவரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டே. “எதையாவது தொலைத்துவிட்டீர்களா?” என்பது ஒன்று. அதற்குச் சிரித்து வைப்பார். “தங்கம் ஏதாவது கிடைத்ததா?” என்பது மற்றது. அதற்கு, “எல்லாம் குப்பைதான்” என்பார். கிடைத்தாலும் இதே பதில், கிடைக்காவிட்டாலும் இதே பதில். பத்துக்கு ஒன்பது முறை அது சத்தியமான உண்மை.

கருவியின் சூத்திரம் எளியது. தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழுந்து, பதிலுக்கு அதுவும் ஒரு புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் வாங்கி, காதில் ‘பீப்’ என்று சொல்லும். நாணயம் என்றால் ஏறக்குறைய அரை முழ ஆழம் வரை எட்டும். 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுக்குள் கிடந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையின் எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டதாகச் சொல்வார்கள். தேடியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்ததைக் காட்டும் மரபு அன்றே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கையால் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி உணர்கருவியை உருவாக்கினார். எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. அன்றைய சிப்பாய்க்கு ‘பீப்’ ஒலித்தால் உயிர் நடுங்கியது. இன்றைய டிடெக்டரிஸ்டுக்கு ஒலிக்காவிட்டால்தான் நடுங்குகிறது.

இரும்புக்கு ஒரு ஒலி, வெள்ளிக்கு ஒரு ஒலி என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கருவி வளர்ந்துவிட்டது. வம்பு தங்கத்தில்தான். மெல்லிய தங்க மோதிரமும் பீர் டப்பாவைத் திறக்க இழுக்கும் அலுமினிய வளையமும் கருவியின் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. வளையத்தின் ஒலியை அடக்கி வைக்க வசதி உண்டு. அடக்கினால் மோதிரமும் சேர்ந்து அடங்கிவிடும். ஆகவே தோண்டியே தீர வேண்டும்.

தோண்டுவதற்கும் முறை இருக்கிறது. முழங்கால் முறுமுறுக்க மண்டியிடுவார். புல்தரையாக இருந்தால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தில் மூடி மாதிரி புரட்டி வைப்பார். கேரட் நிறத்தில் ஒரு குட்டிக் கருவியைக் குழிக்குள் விட்டுத் துழாவுவார். அது துடிக்கும் இடத்து மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரல் நுனியால் உதிர்ப்பார். தேய்க்க மாட்டார், தேய்த்தால் பழைய நாணயத்தின் முகம் போய்விடும். ஒரு விளிம்பு மினுங்கும். “பதினேழாம் நூற்றாண்டு” என்று உதடு முணுமுணுக்கும். இன்னும் கொஞ்சம் மண் உதிரும். கலப்பையில் மாட்டிச் சின்னாபின்னமான பீர் டப்பாவின் துண்டு. ஒரே டப்பா இருபது துண்டாகியிருந்தால் வயலில் இருபது சிக்னல். இருபதையும் இவர் தோண்டுவார். குப்பையைக் குப்பைப் பையில் போட்டு, குழியை மூடி, காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டுத்தான் அடுத்த அடி. மூடாத குழியில் மாட்டின் கால் சிக்கினால் அன்றோடு அந்த நிலத்தில் அனுமதி போயிற்று.

இந்த அனுமதிதான் இவருடைய உண்மையான சொத்து. நில உரிமையாளர் சம்மதிக்காமல் கருவியை வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களில் அரசின் அனுமதி இல்லாமல் வைப்பது குற்றம். ஆகவே கிறிஸ்துமஸ் வந்தால் பண்ணைக்காரருக்கு விஸ்கி பாட்டில் ஒன்று போய்ச் சேரும். வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைக்கூட நண்பரிடம் சொல்லிவிடுவார். பண்ணையின் பெயரைச் சொல்ல மாட்டார்.

கிடைப்பவை பொத்தான், பெல்ட் கொக்கி, ஈயக் குண்டு, தையல் விரலுறை, ஆட்டு மணி. தாள் போல மெலிந்த இடைக்கால வெள்ளிப் பென்னி அகப்பட்டால் அந்த வாரம் முழுக்க வீட்டில் நல்ல மனிதராக நடந்துகொள்வார். தங்கம் அகப்பட்டால் வயலிலேயே ஆடியாக வேண்டும் என்று இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கணுக்கால் சேற்றில், ஹெட்போன் கழுத்தில் தொங்க, ஐம்பது வயதைக் கடந்த கணக்காளர் ஆடுகிறார். பார்வையாளர் அதே பசுமாடு.

இத்தனை பீர் டப்பாக்களையும் தாங்கும் தெம்பு சில வரலாற்றுச் சம்பவங்களிலிருந்து வருகிறது. 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டம் ஹாக்ஸன் கிராமத்தில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார் எரிக் லாஸ். கிடைத்தது சுமார் 15,000 ரோமானிய நாணயங்கள், கூடவே தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2009-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியல் வெளிப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ 33 லட்சம் பவுண்டு. மறு ஆண்டு சாமர்செட்டில் ஃப்ரூம் அருகே ஒரே பானையில் 52,503 நாணயங்கள். அதைக் கண்டவர் பாதியில் தோண்டலை நிறுத்தி, தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் கை நின்றதே, பானையைவிட அதுதான் அபூர்வம்.

சட்டமும் சளைத்ததல்ல. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருளைக் கண்டால் 14 நாளுக்குள் கொரோனரிடம் அறிவிக்க வேண்டும். மர்மச் சாவுகளை விசாரிக்கும் அதே அதிகாரிதான். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சன்மானம் வழக்கமாகக் கண்டவருக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி. 2010-இல் கம்ப்ரியாவில் கிடைத்த ரோமானியக் குதிரைவீரனின் தலைக்கவசம் செப்புக் கலப்பாக இருந்ததால் சட்டத்தில் அகப்படாமல், ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அந்த ஓட்டையை அடைக்க 2023 வரை ஆயிற்று. ஹெரெஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலக் குவியலைக் கண்டு மூச்சுவிடாமல் விற்ற இருவர் 2019-இல் சிறைக்குப் போனார்கள். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர் போலீஸைவிடக் கடுமையாகப் பேசுவார்.

தொல்லியலாளர்களோடு உறவு மாமியார்–மருமகள் உறவு. 1980-இல் டிடெக்டரிஸ்டுகளைத் தடுக்கவே ஒரு பிரச்சாரம் நடந்தது. 1997 முதல் கண்டெடுத்தவற்றைத் தாமாக வந்து பதிவு செய்யும் திட்டம் நடக்கிறது. பதிவான பொருள்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. தாம் கொடுத்த கொக்கி பதிவேட்டில் ஏறிய நாள் முதல் இவர் பேச்சில் ‘நாங்கள் ஆய்வாளர்கள்’ என்ற தொனி வந்துவிடும்.

மாலையில் சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சமையலறைத் தொட்டியில் பொத்தான்களை அலசுவார். செலவுக்கணக்கு கேட்கும் மனைவியிடம், காசுக்காக அல்ல, வரலாற்றுக்காக என்பார். பெட்ரோல், விஸ்கி, பேட்டரி எல்லாம் வரலாற்றுக் கணக்கில் எழுதப்படும். அதற்குள் ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலையில் புதிய கருவி ஒன்று சந்தைக்கு வந்திருக்கும். பழையதைவிட இரண்டு அங்குலம் ஆழம் பார்க்குமாம். அப்படியானால், இத்தனை ஆண்டாகத் தேடி முடித்த வயல்களில் ஒன்றைக்கூடச் சரியாகத் தேடவில்லை என்று ஆகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடியாக வேண்டும்.