நைஸ்: ஒரு நைசான ஆய்வு

எதையும் குறிப்பாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் பாராட்டிவிட உதவும் ஆங்கிலப் பெயரடை ‘நைஸ்’. சாப்பாடு நைஸ், சட்டை நைஸ், சம்பந்தி வீட்டார் ரொம்ப நைஸ். ஆனால் சொல்லின் பூர்வோத்திரம் தெரிந்தால் சம்பந்தி வீட்டார் பந்தியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். முன்னால் நிற்கும் ‘நெ’ அதை இல்லையென்கிறது. (சயன்ஸும் இதே ஸ்கீரேயின் வழித்தோன்றல்தான். ஆக நைஸும் சயன்ஸும் பங்காளிகள்; பேச்சுவார்த்தை கிடையாது.) பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்தில் கரையேறியபோதும் அதன் பொருள் ‘முட்டாள்’தான். அப்புறம் கூச்ச சுபாவி, எதிலும் நொட்டை சொல்பவர், நுணுக்கமானது என்று படிப்படியாகப் பதவி உயர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் ‘இனியது’ ஆயிற்று. முட்டாளுக்கு இத்தனை பதவி உயர்வு கிடைப்பது மொழியில் மட்டுமல்ல என்பார்கள். அது வேறு ஆய்வு. 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் ஆபி’யில், ஒரு புத்தகத்தை நைஸ் என்ற பாவத்துக்காகக் காத்தரினை ஹென்றி டில்னி படாதபாடு படுத்துகிறான். பைண்டிங்கைத்தானே சொல்கிறாய் என்கிறான்.

ஆங்கிலத்தில் புத்தக நடையில் மட்டும் ஒதுங்கிவிட்ட அந்த நுணுக்கப் பொருளை நம் கிரைண்டர்கள் அன்றாடம் காப்பாற்றி வருகின்றன. “உளுந்தை நைசா ஆட்டு, அரிசி கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும்.” கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பாட்டியிடம் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் பாடம் கேட்கலாம்.

இங்கே ஓர் எதிரணி உண்டு. ‘நைதல்’ நம் வினை. நைய அரைத்ததே நைஸ். வெள்ளைக்காரன் சுருட்டிக்கொண்டு போனான் என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் கடைசி ‘ஸ்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நையப்புடைத்துவிடுவார்கள் என்பதால் நான் கேட்கவில்லை.

மிஞ்சியது ‘நைசா நழுவினான்’. இதற்குச் சல்லடையே சான்று என்பது என் துணிபு. நைஸ் மாவு சத்தமில்லாமல் இறங்கிவிடும். கப்பிதான் மேலே நின்று மாட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் இரு வகையையும் கண்ணாரக் காணலாம். ஆய்வுக்காக நின்ற என்னையும் கப்பி என்று நினைத்துப் பேர் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.