ஏதுப் போலியும் எல்லைக்கல்லும்

வாதத்தில் நுழையும் போலிகளை வகைபிரித்துச் சொல்லும் பழந்தமிழ் நூல் மணிமேகலை. அதன் 30 காதைகளில் 29ஆவதில், காஞ்சியில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் நடத்துகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10. ஆக மொத்தம் 33. வடமொழி நியாயப் பிரவேசத்திலும் இதே கணக்குதான். அரிஸ்டாட்டில் 13 போலிகளோடு நிறுத்திக்கொண்டார். ஏதென்ஸில் அப்போது பிளாட் புரமோட்டர்கள் இல்லை போலும். கதைக்காகக் காப்பியத்தை எடுத்தவர்கள் இந்தக் காதை வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மனை வாங்கும் யோசனை உள்ளவர்கள் புரட்டாமல் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் மடித்து வைத்து வரும் மனை விற்பனை நோட்டீஸைப் போல இந்தப் பாடத்துக்கு ஏற்ற பயிற்சி நூல் வேறில்லை.

பக்கப் போலியில், நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றே கோளாறு. தன்னைப் பெற்றவளை மலடி என்று ஒருவன் சொல்வது காப்பியம் தரும் உதாரணம். தன் சொல்லைத் தானே வெட்டிக்கொள்ளும் வகை. நோட்டீஸில் இது ‘நகரின் மையத்தில் கிராமத்து அமைதி’ என்று வரும். ‘கடைசி சில மனைகளே உள்ளன’ என்ற வரிக்குக் கீழேயே ‘பேஸ் 2, பேஸ் 3 புக்கிங் நடைபெறுகிறது’ என்றும் இருக்கும்.

சொல்லும் காரணமே (ஏது) கோளாறாக இருக்கும் ஏதுப் போலிதான் பெரிய சுரங்கம். அசித்தம் (நிறுவப்படாத காரணம்), அநைகாந்திகம் (ஒரு முடிவுக்கு மட்டும் பொருந்தாத காரணம்), விருத்தம் (எதிர் முடிவையே நிறுவும் காரணம்) என அதற்கு மூன்று கிளைகள். அநைகாந்திகத்தில் சாதாரணம் என்றொரு வகை உண்டு: சொல்லும் காரணம் இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பது. ‘ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது’ என்று ஒருவர் வாதிடுவதாக வைத்துக்கொள்வோம். குடமும் அறியப்படுகிறது, அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, அழிவதில்லை. காரணம் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கிறது. தரகரின் ‘அண்ணா நகரும் ஒரு காலத்துல வயல்தான் சார்’ இந்த வகையின் சிகரம். அங்கே வயல் இருந்தது உண்மை. 1968இல் அங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்ததும், கோபுரம் எழுந்ததும், வீட்டு வசதி வாரியம் தெருத்தெருவாகக் கோடு கிழித்ததும் உண்மை. தரகர் முதல் உண்மையோடு வண்டியைக் கிளப்பிவிடுவார். வயலாக இருந்து நகரானவை உண்டு. வயலாகவே இருந்து எல்லைக்கல்லை ஆடு உரசிக்கொள்ள விட்டவையும் உண்டு. பின்னதை யாரும் வேன் வைத்து, மதியச் சாப்பாடு போட்டுக் காட்டுவதில்லை.

எடுத்துக்காட்டுப் போலிக்கு நோட்டீஸின் மூலையில் கட்டம் கட்டிய படமே போதும்: இங்கே முதலில் மனை வாங்கியவர் இன்று காரோடு நிற்கிறார். காருக்குக் கடன் கொடுத்த வங்கி படத்தில் இல்லை.

போலி தனியாக வந்தால் மாட்டிக்கொள்ளும். ஆகவே நகை போட்டுக்கொண்டுதான் வரும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் படிக்காத நோட்டீஸ்காரரும், இயல்பாக நடப்பதில் தன் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றத்தைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்: காற்றுக்கு ஆடும் தென்னங்கன்றுகள் ‘உங்கள் வரவை நோக்கித் தலையசைக்கின்றன’. கூறியது கூறலை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்தது. நோட்டீஸில் அதுதான் மூலதனம். சுவையான தண்ணீர், வற்றாத தண்ணீர், 20 அடியில் தண்ணீர். (ஐப்பசியில் தரைமட்டத்திலேயே கிடைக்கும் என்பதை அச்சிட இடம் போதவில்லை.)

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது விடை வேண்டாத வினா. ‘இன்னும் எத்தனை நாள் வாடகை வீட்டில்?’ இதில் கூற்றும் இல்லை, காரணமும் இல்லை. 33இல் எந்த வலையிலும் சிக்காது. விடையைப் படிப்பவரே மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார். பிறர் வாதத்தைப் பிய்த்துப் போடுகிறவருக்கும் தாம் சொன்னதை மறுக்க மனம் வருவதில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்தும் அதே கேள்வி வந்துவிட்டால் தர்க்க சாஸ்திரம் அன்றோடு முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. காரணம் போலி என்பதால் முடிவு பொய்யாகிவிடாது. ஒலி அழியக்கூடியது என்பது பௌத்தருக்கு ஏற்ற முடிவுதான். அதற்குச் சொன்ன காரணம்தான் தேறவில்லை. அப்படியே, தரகர் சொன்ன காரணங்கள் மொத்தமும் போலியாக இருந்து, மனை விலை மட்டும் நிஜமாகவே ஏறிவிடுவதும் நடக்கும். ஏறினால் அடுத்த நோட்டீஸில் அதற்கும் ஒரு கட்டம் கட்டுவார்கள்.