நாய்க்கே முதல் மரியாதை

பிபிசியின் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ 1968இலிருந்து பிரிட்டன் மக்களுக்குச் செடி வளர்க்கக் கற்றுத்தருகிறது. அவர்கள் அதைப் பார்த்து அமோகமாக வளர்த்தது அபிப்பிராயங்களைத்தான்.

நிகழ்ச்சியை நடத்தும் மான்ட்டி டான் ரோஜாச் செடியைக் கவாத்து செய்கிறார் என்று வையுங்கள். செடியை யார் பார்த்தார்கள்? அந்த நீலக் கோட்டு எங்கே வாங்கியது, மண்வெட்டி பிடிக்கிறவருக்குக் கழுத்துத்துணி எதற்கு என்று வீட்டுக்கு வீடு விசாரணை. அவருடைய நாய் நைஜல் இருந்தவரை, அது பந்தைக் கவ்விக்கொண்டு குறுக்கே வந்துவிட்டால் மட்குரப் பாடம் அத்தோடு சமாப்தி. 2020இல் நைஜல் இறந்தபோது பத்திரிகைகளே துக்கம் கொண்டாடின. வாழ்நாளெல்லாம் செடிக்கு லத்தீன் பெயர் வைத்த தாவரவியலாளர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

இடையில் 2008இல் மான்ட்டி விலக, அவர் இடத்துக்கு டோபி பக்லண்ட் வந்தார். முறையாகத் தோட்டக்கலை பயின்றவர். அதுவே பெரிய குறையாகிவிட்டதோ என்னவோ, பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2011இல் மான்ட்டியே திரும்பினார். அவர் தானாகவே கற்றுக்கொண்டவர். ஊர் நிம்மதியடைந்தது.

அந்தக் காலத்தில் இதே நிகழ்ச்சியை நடத்திய பெர்சி த்ரோவர் டை கட்டிக்கொண்டு தோட்ட வேலை செய்தவர். ரசாயன கம்பெனி விளம்பரத்தில் நடித்ததால் 1976இல் நிகழ்ச்சியை இழந்தார். உடையில் குறை சொல்ல முடியாத ஒரே ஆள், பூச்சிமருந்தால் போனார்.

இப்போதைய புகார் வேறு: “மான்ட்டிக்கென்ன, இரண்டு ஏக்கர். எங்களுக்கு ஜன்னல் விளிம்புதானே?”