அங்கவஸ்திரம் நனைந்த கதை

1939-ஆம் வருஷம் வெளிவந்த ‘தியாகபூமி’யில், தன்னைக் கைவிட்ட புருஷன் மறுபடி சேர்ந்து வாழவேண்டுமென்று வழக்காட வந்தபோது, வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் கொடுப்பதாகச் சொல்லி நியாயஸ்தலத்தில் சாவித்திரி நிமிர்ந்து நின்றாளே, அந்தக் காட்சியை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் அங்கவஸ்திரம் நனைய அழுதார். (அழுகையில் அவருக்கு நல்ல அப்பியாசம், ஹரிகதையிலும் அழுவார்.) ஹரிஜனங்களுக்கு அடைக்கலம் கொடுத்து ஜாதிப்பிரஷ்டத்துக்கு ஆளாகும் சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் தோன்றியபோது, எழுந்து நின்று கைதட்டினார், தம் வீட்டுக் கிணற்றைப் பற்றி மட்டும் பிரஸ்தாபிக்கவில்லை.

சினிமா மனிதனை மாற்றிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பியது, கதை எழுதிய கல்கியையும் படமெடுத்த கே. சுப்ரமணியத்தையும் தவிர்த்தால், படத்துக்குத் தடை விதித்த வெள்ளைக்கார சர்க்கார் ஒன்றுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெரியவர் விஷயத்தில் சர்க்கார் பயந்தது முற்றிலும் வீண் என்று சொல்லிவிடவும் கூடாது. மறு மாதமே தம் சீமந்த புத்திரனுக்குப் பெண் கொடுக்க வந்தவரிடம், சாவித்திரி பட்ட பாட்டைக் குரல் தழுதழுக்க வர்ணித்து, கண்களைத் துடைத்துக்கொண்டு, வரதட்சிணையில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.