எர்டோஷ் தலையில் இரண்டு கோடு: ஓர் ஆய்வு

ஹங்கேரியக் கணித மேதை பால் எர்டோஷ் (1913–1996) ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். கூட்டாளிகளே 500 பேருக்கு மேல். அந்தக் கணிதத்தைப் பற்றி அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. அவர் பெயரின் நடுவிலுள்ள ரோமன் 'ஓ' எழுத்தின் தலைமேல் நிற்பவை கோடுகளா, புள்ளிகளா என்பதுதான் இங்கே ஆய்வுப் பொருள்.

கோடுகள். வலப்பக்கம் சாய்ந்த இரண்டு குறுங்கோடுகள். ஹங்கேரிய மொழியில் வெறும் 'ஓ', ஒற்றைக்கோட்டு 'ஓ', இருபுள்ளி 'ஓ', இருகோட்டு 'ஓ' நான்கும் வெவ்வேறு எழுத்துகள். 'க்', 'ர்' ஒலிகளுக்கு நடுவே இவற்றை வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் வயது, நோய், வட்டம், சீட்டுக்கட்டின் ஆர்ட்டின் என்று நான்கு பொருள் கிடைக்கும். இருபுள்ளி குறில், இருகோடு அதற்கு நெடில். இதைக் கேட்டுத் தமிழர் வியக்கத் தேவையில்லை. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்னவர் தொல்காப்பியர். ஓலையில் எழுதியவர்கள் அந்தப் புள்ளியைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள். ஆக, தலைக்குறியைத் தொலைக்கும் கலை கணினியோடு பிறந்ததல்ல.

கணினிக் காலத்துச் சான்றுகளுக்கு வருவோம். தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி பார்க்கச் சகிக்காமல், 1977இல் டொனால்டு கனூத் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். அதனுடன் வந்த எழுத்துருவில் மொத்தம் 128 அறைகள். குறி ஏறிய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் அங்கே இடமேது? எனவே குறிகள் தனியாக, எழுத்துகள் தனியாகக் குடிவைக்கப்பட்டன. இருகோட்டுக்கு 125ஆம் அறை, இருபுள்ளிக்கு 127. நடுவில் ஓர் அலைக்கோடு மட்டும். இவ்வளவு நெருங்கிய அண்டைவீட்டார் பிற்காலத்தில் ஆள்மாறாட்டத்தில் சிக்கியதை ஆய்வாளர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தட்டச்சுபவர் பின்சாய்கோடு போட்டு, ஹங்கேரியைக் குறிக்கும் பெரிய 'எச்' போட்டு, பிறகு 'ஓ' எழுத வேண்டும். மென்பொருள் எழுத்தின் அகலத்தை அளந்து நடுவில் தொப்பியை இறக்கும். ஆள் உயரமானால் தொப்பியையும் உயர்த்தும். சிற்றெழுத்து 'ஐ' வந்தால் ஒரு சங்கடம்: அதன் தலையில் ஏற்கெனவே பொட்டு. அதற்கென்றே பொட்டழித்த 'ஐ' ஒன்று தனியாக வைக்கப்பட்டிருந்தது.

இந்தத் தொப்பி ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. குறி வந்த இடத்துக்குப் பின் சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்ப 'டெக்' மறுத்தது. ஆங்கிலேயருக்கு இது எப்போதோ வரும் தொல்லை. செக் மொழியினருக்கும் ஹங்கேரியருக்கும் வரிக்கு வரி. 1990இல் 'டெக்'கின் எட்டுபிட்டு வடிவம் வந்தது. அதே ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய பயனர்கள் 256 அறைகள் கொண்ட குறியேற்றத்தை வகுத்தார்கள். அதில் இருகோட்டு 'ஓ' தொப்பியோடு பிறந்த முழு எழுத்தாக, சொந்த அறையில் குடியேறியது.

வெளியுலகில் நிலைமை வேறு. மேற்கு ஐரோப்பாவுக்கான ஐஎஸ்ஓ 8859-1 அட்டவணையில் இருபுள்ளி 'ஓ' உண்டு, இருகோட்டு 'ஓ' கிடையாது. நடு ஐரோப்பாவுக்கான 8859-2இல் அது 245ஆம் இடத்தில் இருக்கிறது. முதல் அட்டவணையில் அதே 245இல் உட்கார்ந்திருப்பது அலைக்கோட்டு 'ஓ'! ஹங்கேரியில் எழுதிய கோப்பை மேற்கே திறந்தால் எர்டோஷ் தலையில் அலையடிக்கும். கைக்கு எட்டாததால் இருபுள்ளி போட்டவர்களையாவது மன்னிக்கலாம்; இந்த அலை எவர் தலையிலும் சுமத்த முடியாத குற்றம்.

யூனிகோடு வந்தபின் எல்லாம் தீர்ந்தது என்பார் சிலர். ஆனால் அதில் இருகோட்டு 'ஓ'வை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். 'ஓ' போட்டுக் குறியைப் பின்னால் ஒட்டவைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விவரமறியாத தேடுபொறிக்கு இரண்டும் வேறு. இதைவிட மோசமான நிலை, எழுத்துருவில் அந்த வடிவமே இல்லாதபோது. பழைய வழக்கப்படி 'டெக்' கூச்சல் போடாது. எழுத்தை விழுங்கிவிட்டுப் பதிவுக் கோப்பின் ஏதோ ஒரு மூலையில் ஒற்றை வரி எழுதிவைக்கும். அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்!

எழுத்துருவில் எல்லா வடிவமும் உண்டா என்று பார்க்க ஹங்கேரியர்கள் ஒரு சோதனைத் தொடர் வைத்திருக்கிறார்கள். பொருள்: 'வெள்ளம் தாங்கும், முகக்கண்ணாடி துளைக்கும் எந்திரம்'. அப்படியோர் எந்திரம் எந்தப் பட்டறைக்கும் தேவைப்படாது. ஆனால் அவர்களுடைய குறியேறிய உயிரெழுத்துகள் ஒன்பதும் அதில் தலைக்கு ஒருமுறை வருகின்றன. எழுத்துரு பழுதானால் எந்திரம் அங்கேயே நின்றுவிடும்.

எஞ்சியிருப்பது ஒரு கிளைச்சிக்கல். எர்டோஷுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவருக்கு 'எர்டோஷ் எண்' 1, அவருடன் எழுதியவருக்கு 2, எர்டோஷுக்கே பூஜ்யம், தொடர்பே இல்லாதவருக்கு முடிவிலி. துணைநூற்பட்டியல்களில் திரியும் இருபுள்ளிக்காரர் பிறக்கவே இல்லை, யாரோடும் எழுதவும் இல்லை. விதிப்படி அவருக்கு உரியது முடிவிலிதான்.