சிற்றுந்து ஊளையின் அளபெடை: ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: காரில் ‘ஊஉஉய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆய்வின் எல்லை: பெட்ரோல் உள்ள வரை. கருதுகோள்: செலவு வைக்கும். முடிவை முதலில் எழுதிவிட்டுத் தரவை அப்புறம் தேடுவது நம் ஆய்வேடுகளில் வேரூன்றிய முறை என்பதால் இக்கட்டுரையும் அதையே பிசகாமல் பின்பற்றுகிறது. ‘லொடலொட’, ‘டொக் டொக்’ ஆகிய ஒலிகள் பிற ஆய்வாளர்களின் பிழைப்பைக் கருதி விடப்பட்டன. மகிழுந்தா, சிற்றுந்தா என்ற வினா இன்னும் இரண்டு கருத்தரங்குகளுக்குத் தாங்கும், அதையும் தொடவில்லை.

ஊளை இருவகைப்படும். எஞ்சின் சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்குவது ஒன்று. சக்கரம் உருளும் வேகத்தோடு ஏறி இறங்குவது மற்றொன்று. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். ஊளையும் கூடவே ஏறினால் குற்றவாளி பானட்டுக்குள் இருக்கிறான். நின்ற வண்டியில் வாயே திறக்காமல் ஓடும்போது மட்டும் ஊளையிட்டால் வீல் பேரிங், டயர், கியர் பாக்ஸ் பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், காசு செலவில்லை, யாருக்கும் புரியும். ஆய்வுலகம் இதை ஏற்காததற்கு இம்மூன்றும் காரணங்கள்.

அறிஞர் ஏற்கும் பகுப்பு பொருளதிகாரத்தின் வழிப்பட்டது. காருக்கும் உரிமையாளருக்கும் மட்டும் தெரிந்து, மெக்கானிக்கைக் கண்டதும் மறைந்துவிடும் ஊளை களவு. தெருமுனையில் திரும்பும்போதே ‘அவர் வந்துட்டாரு’ என்று பக்கத்து வீட்டில் சொல்லத் தொடங்கினால் அலர். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஊளையோடு இல்லறம் நடத்தப் பழகிவிட்டால் கற்பு. ரெக்கவரி வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லப்படுவது உடன்போக்கு.

இனி மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, அளபெடைக்கு 3 என்பது கணக்கு. தாம்பரத்தில் தொடங்கிய ஊகாரம் செங்கல்பட்டு வரை நீண்டால் அது எத்தனை மாத்திரை? இயல்பாகக் கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. ஓட்டுபவர் இமையை எண்ணினால் சாலை தவறும். நொடித்தால் ஸ்டீயரிங் தவறும். ஆகவே பக்கத்து சீட்டில் ஓர் ஆய்வு உதவியாளர் இருந்து நொடிக்க வேண்டும், அவருக்குப் பயணப்படி வேண்டும், அதற்கு விண்ணப்பித்தாயிற்று. அளபெடைக்கு இவ்வளவு நீட்டம் ஆகாது என்று தடை எழுப்புவோர் நன்னூலை ஒழுங்காகப் படிக்காதவர். இசை, விளி, பண்டமாற்று ஆகிய இடங்களில் உயிரும் ஒற்றும் தம் அளவைக் கடந்து ஒலிக்கலாம் என்று பவணந்தியார் இடம் கொடுத்திருக்கிறார். கார் ஊளை இம்மூன்றில் எது? சுருதி பிடித்து வருவதால் இசை என்பது ஒரு கட்சி. மெக்கானிக்கை அழைப்பதால் விளி என்பது மறு கட்சி. கடைசியில் பழைய பாகத்தைக் கொடுத்துப் புதிய பாகம் வாங்க வைப்பதால் பண்டமாற்றே என்பது எம் துணிபு.

பாடபேதமும் உண்டு. உரிமையாளர் மெக்கானிக்கின் முன் நின்று, வாயைக் குவித்து, ‘ஊஉஉய்ங்’ என்கிறார். அவர் மனைவி, “இல்லங்க, ‘ஈஇஇங்’குனு வந்துச்சு” என்கிறார். பின்சீட்டுப் பிள்ளை மூன்றாவது பாடம் ஒன்றைப் பாடிக் காட்டுகிறது. மூலபாடமாகிய கார் அந்நேரம் பூனைபோல் அமைதியாக இருக்கிறது. மூலம் வாய் திறக்காதபோதுதான் பதிப்பாசிரியர்களுக்குக் குரல் ஓங்கும் என்பது பழைய அனுபவம்.

உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முனகினால் அதன் பம்ப்பில் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். டேங்க் வறளும்போது பின்னாலிருந்து வரும் ஊளை பெட்ரோல் பம்ப்பினுடையது. பெல்ட் கீச்சிட்டால் அதன் பல் பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டும்: சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ரிவர்ஸில் மட்டும் வரும் ஊளை நோயே அன்று. முன்னோக்கிய கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் விலகுமுன் அடுத்தது மெல்ல வந்து பற்றும். பல மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் முழு அகலத்தில் ஒரேயடியாக மோதும், அதனால் ஊளை. இதற்கு மருந்து தேடுவோர் முனைவர் பட்டத்துக்கு உரியவர்.

வீல் பேரிங்கைப் பற்றி மட்டும் உரைகள் பெருகிக் கிடக்கின்றன. வண்டி இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான். இங்ஙனம் மூலம் தெளிவாக இருக்க, ‘இடப்பக்கம் வளைந்தால் வருகிறது, ஆகவே இடப்பக்கமே’ என்கிறது பின்சீட்டு மாமனார் உரை. அதற்கு மைத்துனர் வாய்மொழியாக அருளிய அரும்பதவுரை, ‘டயரை மாத்திப் பாருங்க’. அவ்வரும்பதவுரைக்குப் பக்கத்து வீட்டார் மதில்மேல் முழங்கை ஊன்றி நிகழ்த்திய மறுப்புரை, ‘எங்க அண்ணன் வண்டியில இப்படித்தான்’ என்று தொடங்கி இன்றளவும் முற்றுப்பெறவில்லை. இம்மூன்றையும் ஒப்புநோக்கிய டீக்கடை விளக்கவுரையில் முதல் ஏடு பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது. எஞ்சிய எண்ணெய்க் கறையைக் கொண்டு இரண்டாம் உரைகாரருக்கு ஆயில் சீல் பற்றிய அறிவு இருந்தது எனத் துணியலாம். பணம் கட்டிய மறுவாரமே அச்சேற்றும் பன்னாட்டு ஆய்விதழ்கள் இதைவிட மெல்லிய சான்றுகளை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

களப்பணி ஒரு மாலையில் முடிந்தது. ஒர்க்‌ஷாப் பையன் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தான். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் சுருட்டிய தாளை நோயாளியின் மார்பில் வைத்து இதயத்தைக் கேட்டார். அதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பையனுக்கு லேனெக்கைத் தெரியாது, தேவையுமில்லை. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சில நொடி மட்டும் ஓடவிட்டான். தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில் சுற்றுவதால் அதற்குமேல் ஓட்டினால் எஞ்சின் சூடேறும். ஊளை இல்லை. மறுபடி அணைத்து, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினான். ஐட்லர் புல்லி மட்டும் மணல் அரைப்பதுபோல் கரகரத்தது. “பேரிங் போச்சு சார்” என்றான். மூன்று சொற்கள், மேற்கோள் இல்லை, அடிக்குறிப்பு இல்லை, முன்னாய்வுகளின் மதிப்பீடு இல்லை. இதை ஆய்வு என்று எந்தக் குழுவும் ஒப்பாது.

பேரிங் மாற்றப்பட்டது, சத்தம் நின்றது, ஆய்வு மட்டும் நீட்டிப்புக் கேட்டிருக்கிறது. கட்டுரையின் முதலாசிரியராகத் துறைத்தலைவர் பெயர் போகிறது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டாவதாக நெறியாளர், மூன்றாவதாக நெறியாளரின் இல்லத்தரசியார், நான்காவதாக யாம். நன்றியுரையில் பெயர் போடட்டுமா என்று பையனைக் கேட்டோம். “அதெல்லாம் வேணாம் சார், பில்லுல பேரிங் ஒண்ணுதான் போட்டிருக்கேன், லேபரைத் தனியா குடுத்துருங்க” என்றான்.